காரில் காம்போனென்ட் ஸ்பீக்கர்: நான்கு வழிகள், எது யாருக்கு?

காரில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை, ஸ்பீக்கரை மாற்றலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த பிராண்டு வாங்கலாம்?" என்பதைத்தான். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் அதற்கு உடனே ஒரு பதில் கிடைக்கும். ஆனால் ஒரே ஜோடி ஸ்பீக்கர் ஒரு காரில் அருமையாகப் பாடும், இன்னொரு காரில் தகர டப்பா மாதிரி கத்தும். எந்தக் கதவில் மாட்டினார்கள், எதிலிருந்து பவர் கொடுத்தார்கள், மாட்டிய பிறகு யார் உட்கார்ந்து டியூன் செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது மாறுகிறது. அதனால் பிராண்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எந்த வழியில் போவது என்பதை முதலில் முடிவு செய்யலாம்.

தமிழ்நாட்டில் அதிகம் ஓடும் சிறிய ஹேட்ச்பேக், காம்பாக்ட் எஸ்யூவி கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான்கு வழிகள் இருக்கின்றன:

1. கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு நல்ல கோஆக்ஸியல் ஸ்பீக்கர் மாட்டுவது.
2. காம்போனென்ட் ஸ்பீக்கர் வாங்கி, காரில் இருக்கும் ஸ்டீரியோவின் பவரிலேயே ஓட்டுவது.
3. காம்போனென்ட் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப் (பவரைக் கூட்டும் கருவி) வைத்து, உடன் வரும் பேசிவ் கிராஸ்ஓவரையே (ஒலியை உயர்ந்த, தாழ்ந்த அலைவரிசைகளாகப் பிரிக்கும் சிறு பெட்டி) பயன்படுத்துவது.
4. பேசிவ் கிராஸ்ஓவரை எடுத்துவிட்டு, டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகப் பிரித்துத் திருத்தும் கருவி) மூலம் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாக இயக்குவது. இதைத்தான் ஆக்டிவ் என்கிறார்கள்.

கோஆக்ஸியலில் ட்வீட்டர் (உயர்ந்த ஸ்வரங்களுக்கான சிறு ஸ்பீக்கர்) வூஃபரின் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பெரிய ஸ்பீக்கர்) நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். காம்போனென்டில் அது தனி. முழங்கால் உயரத்தில் கதவில் வூஃபர், காதுக்கு அருகே மேலே ட்வீட்டர். உயர்ந்த ஸ்வரங்கள் நேர்கோட்டில் பயணிக்கிறவை. கதவின் கீழ்மூலையிலிருந்து கிளம்பினால் அவை உங்கள் கால், சீட், பக்கத்தில் இருப்பவரின் முழங்கால் என்று எல்லாவற்றிலும் பட்டு மங்கிவிடும். ட்வீட்டரை மேலே கொண்டுபோனதும் பாடகர் டாஷ்போர்டுக்கு மேல் நின்று பாடுவதுபோல் இருப்பது இதனால்தான்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

காரில் யார் உட்கார்கிறார்கள்? தினமும் தனியாக ஓட்டுகிறவருக்கும், பின்சீட்டில் அம்மா அப்பா பிள்ளைகளோடு போகிறவருக்கும் தேவை வேறு. டிஎஸ்பியின் பெரிய லாபம் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் முழுதாகக் கிடைக்கும்.

காரை இன்னும் எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? இரண்டு வருடத்தில் விற்கப்போகிற காரில் பெரிய வேலை செய்தால், விற்கும்போது அந்தப் பணம் திரும்பாது. ஸ்பீக்கரையும் ஆம்பையும் கழற்றிக்கொள்ளலாம். கதவில் அதிர்வைத் தடுக்க ஒட்டும் டேம்பிங் ஷீட்டும் வேலைக்கூலியும் காரோடு போய்விடும்.

கம்பெனி ஸ்டீரியோ அப்படியே இருக்க வேண்டுமா? இப்போது வரும் கார்களில் ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன், வண்டியின் செட்டிங் எல்லாம் அந்தத் திரைக்குள்தான். அதைக் கழற்றுவது பல கார்களில் புத்திசாலித்தனம் இல்லை. சில கார்களில் பார்க்கிங் சென்சாரின் பீப் ஒலிகூட முன் ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும்.

வாரண்டி இன்னும் இருக்கிறதா? ஒயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் மாட்டினால் சண்டை வராது. வெட்டி டேப் சுற்றினால், பிறகு காரில் எந்த எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் சர்வீஸ் சென்டரில் அந்த டேப்பைத்தான் முதலில் காட்டுவார்கள்.

கடைசியாக, டியூன் செய்யப்போவது யார்? இதைக் கேட்காமலேயே பலர் நான்காம் வழிக்குப் போய்விடுகிறார்கள்.

## எந்த வழியானாலும் கதவுதான் முதல் செலவு

ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதுவும் குறிப்பாகக் கீழ் அலைவரிசைகளில். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருப்பது இதைத் தடுக்கத்தான். காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு செய்ய வேண்டும். ஆனால் டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள், அவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். வெளித்தகட்டை விரலால் தட்டினால் மணிபோல் அதிரும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி காரில் காணாமல் போவதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அந்த ஓட்டை வழியாகப் பின்அலையோடு கலந்து அழிந்துகொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது மூன்று. வெளித்தகட்டின் உட்புறம், முக்கியமாக ஸ்பீக்கருக்கு நேர் பின்னால், அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டில் ரப்பர் ஷீட்டை ஒட்டி ரோலரால் நன்றாக அழுத்த வேண்டும். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மூடினாலே அதிர்வு பெரிதும் அடங்கிவிடும். அடுத்து, உள்தகட்டின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். மூன்றாவது, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் கெட்டியான ஸ்பேசர் வளையம். பல கடைகளில் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையம் கொடுப்பார்கள். நம் ஊர் மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், எம்டிஎஃப் ஊறி உப்பிவிடும். பிளாஸ்டிக் அல்லது மரைன் பிளை வளையம் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவற்றை மூடினால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். இன்னொன்று, சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார், கதவுக்குள் திடீரென்று ஏறும் காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. அப்படிப்பட்ட காரில் சென்சாரை மறைப்பதோ கதவின் அமைப்பை மாற்றுவதோ கூடாது. உங்கள் காரில் எந்த வகை என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முன் கதவுகள் இரண்டுக்கு இந்த வேலை, கூலியோடு சேர்த்து, சுமார் 4,000 முதல் 7,000 ரூபாய் வரை ஆகலாம். மொத்தமே 10,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால், பாதியை இதில் போட்டுவிட்டு மீதிக்கு ஸ்பீக்கர் வாங்குங்கள். கதவைத் தொடாமல் 10,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் மாட்டியதைவிட இது நன்றாக ஒலிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

## வழி 1: கோஆக்ஸியல்

ஜோடி 2,500 முதல் 6,000 ரூபாய் வரை. பழைய ஸ்பீக்கரைக் கழற்றி, கப்ளர் அடாப்டர் வைத்து மாட்டிவிடலாம். டேம்பிங்கோடு சேர்த்து அரை நாள் வேலை.

கம்பெனி ஸ்பீக்கரில் பலதும் லேசான காந்தமும் மெல்லிய கூம்பும் கொண்டவை. அதனால் ஒரு நல்ல கோஆக்ஸியலே தெளிவில் பெரிய மாற்றம் தரும். குறை என்னவென்றால் ஒலி கீழே, காலடியிலேயே நிற்கும்.

மறைந்த செலவு பெரிதாக இல்லை. ஆழத்தை மட்டும் அளந்து பாருங்கள். கண்ணாடி முழுவதும் இறங்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கக்கூடாது. கதவில் 6.5 அங்குலம் பொருந்தும் என்று கடைக்காரர் சொல்வது விட்டத்தை மட்டும்தான், ஆழத்தை அல்ல.

பின் கதவுகளுக்கு இதுவே போதும். பின்சீட்டுக்குக் காம்போனென்ட் போடுவது என் கணக்கில் வீண்செலவு. முன்னாலும் இதுவே சரி என்று நான் சொல்வது காரைச் சீக்கிரம் விற்கப்போகிறவர்களுக்கும், பெரும்பாலும் செய்தியும் பேச்சும் கேட்கிறவர்களுக்கும்.

## வழி 2: காம்போனென்ட், ஸ்டீரியோவின் பவரில்

இங்கேதான் "50 வாட் x 4" என்ற எழுத்து பலரைக் குழப்புகிறது. ஸ்டீரியோவுக்கு வரும் மின்னழுத்தம், இன்ஜின் ஓடும்போது, சுமார் 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதிலிருந்து சிதைவில்லாமல் எடுக்கக்கூடிய பவர், கணக்குப்படி, 26 வாட்டுக்குள்தான். உள்ளிழப்பு போக நடைமுறையில் கிடைப்பது 18 முதல் 20 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்). அட்டையில் போட்டிருக்கும் 50 என்பது ஒலி கிழிந்த நிலையில் ஒரு கணம் எட்டும் உச்சம்.

20 வாட் குறைவா என்றால், சாதாரணமாகக் கேட்பதற்குக் குறைவில்லை. அதற்கேற்ற ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி எண்ணை, அதாவது குறிப்பிட்ட பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு ஒலி தரும் என்பதை. 88 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 91 டெசிபல் ஸ்பீக்கருக்கும் உள்ள 3 டெசிபல் வித்தியாசம், பவரை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம். 91, 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் சந்தோஷமாகப் பாடும். கனமான காந்தம், 86, 87 டெசிபல், "100 வாட் ஆர்எம்எஸ்" என்று பெருமையோடு விற்கப்படும் ஸ்பீக்கர் அதே ஸ்டீரியோவில் தூங்கிவழியும். சில நிறுவனங்கள் இதற்காகவே 3 ஓம் ஸ்பீக்கர் செய்கின்றன. ஸ்டீரியோவின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு ஒயரிங்கில் இருக்கிறது. காம்போனென்டோடு வரும் பேசிவ் கிராஸ்ஓவர் பெட்டியை எங்கே வைப்பது? கதவுக்குள் வைத்தால் தண்ணீர். டாஷ்போர்டுக்குக் கீழே வைத்தால், அங்கிருந்து வூஃபருக்குக் கதவுக்குள் ஒயர் போக வேண்டும். பழைய கார்களில் கதவுக்கும் உடலுக்கும் நடுவில் வெறும் ரப்பர் குழாய்தான், ஒயரை நுழைத்துவிடலாம். புதிய கார்களில் பலவற்றில் அங்கே ஒரு பிளாஸ்டிக் கப்ளர் உட்கார்ந்திருக்கும். அதைத் துளைக்க வேண்டாம். ஸ்டீரியோவிலிருந்து கதவுக்குப் போகும் கம்பெனி ஒயரைக் காலடிப் பக்கத்தில் பிடித்து, அங்கே கிராஸ்ஓவரை இணைத்து, கதவுக்குள் போகும் மிச்ச ஒயரையே வூஃபருக்குப் பயன்படுத்தலாம். ட்வீட்டர் டாஷ்போர்டிலோ தூணிலோ இருந்தால் அதன் ஒயர் கதவுக்குள் போகவே தேவையில்லை. வண்டியில் முன்பே தனி ட்வீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். அதன் இடமும் வலையும் தயாராக இருக்கும்.

இந்தப் பெட்டியை இன்னொரு செட்டின் ஸ்பீக்கரோடு கலந்து மாட்டாதீர்கள். அது பிரிக்கும் அலைவரிசை, தனக்கென்று தேர்ந்தெடுத்த ஸ்பீக்கரின் மின்தடையைப் பொறுத்தது.

நடுத்தர ஒலி அளவில், பெரும்பாலும் கர்நாடக இசை, பழைய திரைப்பாட்டு, குரல் முன்னே நிற்கும் இசை கேட்கிறவர்களுக்கு இந்த வழி நிறைவாக இருக்கும். செலவு 6,000 முதல் 15,000 ரூபாய், கதவு வேலை தனி. பேஸ் அதிரவேண்டும் என்கிறவர்களுக்கு இது போதாது.

## வழி 3: காம்போனென்ட், தனி ஆம்ப், பேசிவ் கிராஸ்ஓவர்

என்னிடம் கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் ஆம்ப் எதைத் தரும், எதைத் தராது என்று தெளிவாக இருக்கட்டும். 20 வாட்டிலிருந்து 60 வாட்டுக்குப் போனால் கூடும் ஒலி ஏறத்தாழ 5 டெசிபல். "மூன்று மடங்கு சத்தம்" வராது. லாபம் வேறிடத்தில். தவில் அடி விழும் அந்தக் கணத்துக்குச் சராசரியைவிடப் பல மடங்கு பவர் தேவைப்படுகிறது. அதைத் தர முடியாத ஸ்டீரியோ அலையின் தலையை வெட்டிவிடும். ஆம்ப் இருந்தால் அடி அடியாகவே கேட்கும். நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலுக்கு மேல் பாட்டை ஏற்றினாலும் காது எரிச்சல் எடுக்காது.

நான்கு சேனல் ஆம்ப் வாங்கினால் முன் இரண்டு சேனலை காம்போனென்டுக்கும், பின் இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து) ஒரு சப்வூஃபருக்கும் (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) கொடுக்கலாம். பின் கதவு ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோவிலேயே இருக்கட்டும். இப்போது சப்வூஃபர் வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் நான்கு சேனலே வாங்குங்கள். பின்னால் இன்னொரு ஆம்ப் வாங்குவதைவிட மலிவு.

மறைந்த செலவுகள் இந்த வழியில்தான் அதிகம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பவர் ஒயர். 60 வாட் வீதம் நான்கு சேனல் 240 வாட். கிளாஸ் டி ஆம்பின் திறன் சுமார் 80 சதவீதம் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 300 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 22 ஆம்பியருக்குப் பக்கம். 8 கேஜ் செம்பு ஒயர் இதற்குத் தாராளம். ஆனால் கடையில் "ஒயரிங் கிட்" என்று மலிவாகக் கிடைப்பதில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அதே தடிமனில் அவை கடத்துவது செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான். ஓரத்தைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்.

ஃபியூஸ். பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைத்தான் காக்கும். ஒயர் வழியில் எங்காவது தகட்டில் உரசினால் காரைக் காப்பது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ். இதில் யாராவது "தேவையில்லை சார்" என்றால் அந்தக் கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

எர்த். பெயின்டைச் சுரண்டி, வெறும் தகட்டில், குறுகிய ஒயரால் போல்ட் போட வேண்டும். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். பவர் ஒயர் ஒரு பக்கமாகவும் சிக்னல் ஒயர் மறுபக்கமாகவும் போனால் இன்னும் நல்லது.

இடம். சீட்டுக்குக் கீழே வைப்பது வழக்கம். ஒயர் குறையும், டிக்கி மிஞ்சும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்களுக்குள் தண்ணீர் ஏறியதை நினைத்துப் பாருங்கள். தரையோடு தரையாக இருக்கும் ஆம்ப்தான் முதலில் மூழ்கும். தண்ணீர் தேங்கும் தெருவில் இருக்கிறவர்கள் டிக்கியில் உயரமான இடத்தில் வையுங்கள். காற்று புகும் இடம் வேண்டும். கார்பெட்டில் சுற்றி மறைத்தால் மே மாத வெயிலில் சூட்டுக்கு அணைந்துவிடும்.

கம்பெனி ஸ்டீரியோ இருந்தால் அதற்கு ஆர்சிஏ அவுட் (ஆம்புக்குச் சிக்னல் தரும் தனி இணைப்பு) பெரும்பாலும் இருக்காது. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கினால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தனிக் கன்வர்ட்டர் வாங்க வேண்டும். மின்சாரக் காராக இருந்தால் ஆம்புக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் ஓடும் தடித்த கேபிளின் அருகில்கூட யாரும் கை வைக்கக்கூடாது.

எல்லாம் சேர்த்து ஆம்புக்கு 8,000 முதல் 20,000 வரை, ஒயரிங்குக்கும் கூலிக்கும் 4,000 முதல் 6,000 வரை. ஸ்பீக்கரும் கதவும் தனி. ஐந்தாறு வருடம் காரை வைத்திருக்கிறவர்கள், நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள், குடும்பத்தோடு கேட்கிறவர்கள் இங்கேயே நிற்கலாம்.

## வழி 4: ஆக்டிவ், டிஎஸ்பி

கார் ஒலியின் அடிப்படைச் சிக்கல், ஓட்டுநர் நடுவில் உட்கார முடியாது என்பதுதான். நம் கார்களில் வலதுபக்க ஸ்பீக்கர் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில், இடதுபக்க ஸ்பீக்கர் அந்தக் கோடியில். வலது ஒலி முன்னே வந்து சேர்ந்துவிடுவதால் மொத்தப் பாட்டும் வலது கதவுக்குள் சாய்ந்துவிடும். அருகில் உள்ள ஸ்பீக்கரைச் சில மில்லி நொடி தாமதப்படுத்தினால் நான்கு ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும். அந்தக் கணத்தில் பாடகர் டாஷ்போர்டின் நடுவுக்கு நகர்ந்து நிற்பார். முதல்முறை கேட்கிறவர்கள் வியந்துபோவார்கள், அது நியாயமான வியப்புதான்.

இப்படித் தாமதப்படுத்தும் வசதி, டைம் அலைன்மென்ட், பல ஸ்டீரியோக்களிலும் இருக்கிறது. ஆனால் பேசிவ் கிராஸ்ஓவரோடு இருக்கும்போது வலதுபக்கம் முழுவதையும் ஒன்றாகத்தான் தாமதப்படுத்த முடியும். வூஃபரையும் ட்வீட்டரையும் தனித்தனியாக முடியாது. ஆக்டிவில் அது முடியும். கிராஸ்ஓவர் புள்ளி, சரிவு, ஈக்வலைசர் என்று எல்லாமே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி.

பெரிய செலவு கருவி மட்டும் என்று நினைக்காதீர்கள். டிஎஸ்பியோ டிஎஸ்பி உள்ள ஆம்போ 15,000 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சம் தாண்டியும் போகும். முன்பக்கத்துக்கு மட்டுமே நான்கு சேனல் தேவை என்பதால் சப்வூஃபருக்கு இன்னொரு சேனல் வேண்டும். அப்புறம் அளவிடும் மைக், அதில் பழகும் நேரம், அல்லது தெரிந்தவருக்குக் கொடுக்கும் டியூனிங் கட்டணம். டியூன் செய்யாத டிஎஸ்பி, நன்றாகப் பொருத்திய மூன்றாம் வழியைவிட மோசமாக ஒலிக்கும். கடைக்காரர் பத்து நிமிடத்தில் காதால் கேட்டு "ஓகே சார்" என்றால், நீங்கள் கொடுத்த பணத்தில் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

ஆபத்தும் ஒன்று உண்டு. பேசிவில் ட்வீட்டரைக் காப்பது அந்தப் பெட்டி. ஆக்டிவில் ட்வீட்டர் நேராக ஆம்பில். செட்டிங்கில் தாழ்ந்த அலைவரிசைகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரைப் போட மறந்தாலோ, வூஃபர் சேனலும் ட்வீட்டர் சேனலும் மாறிப்போனாலோ, ஒரு பாட்டின் முதல் பேஸ் அடியிலேயே ட்வீட்டர் எரிந்துவிடும். ட்வீட்டர் ஒயரில் ஒரு பாதுகாப்புக் கபாசிட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

தனியாக ஓட்டுகிற, இசையை உட்கார்ந்து கேட்கிற, லேப்டாப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கச் சலிக்காதவருக்கு இதைப்போல் வேறில்லை. மற்றவர்களுக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | கோஆக்ஸியல் | காம்போனென்ட் + ஸ்டீரியோ | காம்போனென்ட் + ஆம்ப் | ஆக்டிவ் + டிஎஸ்பி |
|---|---|---|---|---|
| தோராயச் செலவு, கதவு வேலையோடு (ரூ.) | 6,500–13,000 | 10,000–22,000 | 22,000–48,000 | 35,000-க்கு மேல் |
| குரல் நிற்கும் இடம் | காலடியில் | டாஷ்போர்டு, ஓட்டுநர் பக்கம் சாய்ந்து | அதேபோல், இன்னும் திடமாக | நடுவில், ஒரு சீட்டுக்கு |
| நெடுஞ்சாலையில் | சுமார் | பரவாயில்லை | நன்று | நன்று |
| டியூனிங் உழைப்பு | இல்லை | கொஞ்சம் | ஒரு மாலை | பல அமர்வுகள் |
| எங்கே கோளாறு வரும் | ஆழம், கண்ணாடி | கிராஸ்ஓவர் இடம் | ஃபியூஸ், எர்த், தண்ணீர் | எரியும் ட்வீட்டர், தவறான செட்டிங் |

செலவுகள் கடைக்குக் கடை மாறும். பெட்டியின் விலையைக் கேட்காமல், கதவு, ஒயர், கூலி எல்லாம் சேர்ந்த மொத்தத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

## ட்வீட்டர் எங்கே?

மூன்று இடங்கள் உண்டு: சைடு மிரருக்குப் பின்னால் உள்ள முக்கோணம், டாஷ்போர்டின் மூலை, முன் கண்ணாடியை ஒட்டிய தூண். நான் முக்கோணத்தைத்தான் விரும்புவேன். வூஃபருக்கு ஓரளவு பக்கம், காருக்குள் எதையும் துளைக்க வேண்டாம், தவறினால் அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும். டாஷ்போர்டு மூலையில் வைத்தால் ஒலி முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, சில உயர்ந்த ஸ்வரங்கள் கூர்மையாகக் குத்தும். தூண் கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்கள் பலவற்றில், கூரை ஓரத்தில் மடித்து வைத்திருக்கும் ஏர்பேக்கின் முன்முனை அந்தத் தூணுக்குள் இறங்கி வரும். ஆறு ஏர்பேக் கார் என்றால் அந்தத் தூணில் ட்ரில் வைக்க யாரையும் விடாதீர்கள். ஒயரைக்கூட ஏர்பேக்கின் குறுக்கே, அதற்கு முன்னால் கொண்டுபோகக் கூடாது.

இடத்தை நிரந்தரமாக்கும் முன் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, நான்கைந்து நாள் கேட்டுப் பாருங்கள். காதை நோக்கித் திருப்பினால் பிரகாசம் கூடும். எதிர்ப்பக்கச் சீட்டை நோக்கித் திருப்பினால் மென்மையாகும்.

## டியூன் செய்யும் முறை

இரண்டாம், மூன்றாம் வழிக்காரர்களுக்கும் இது பொருந்தும். வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் போலாரிட்டி. ஸ்டீரியோ அல்லது ஆம்ப் பக்கத்தில் வூஃபர் ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை அந்த ஒயரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் தலைகீழாக இருந்தால் பேஸ் மாயமாகிவிடும். ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

அடுத்தது ஹை பாஸ். சப்வூஃபர் இருந்தால் முன் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ், இல்லாவிட்டால் 60 முதல் 70 வரை. 6.5 அங்குலக் கூம்பை 40 ஹெர்ட்ஸுக்கு உழைக்க வைத்தால் குரலும் சேர்ந்து கலங்கும். பேஸை வெட்டினால் பேஸ் குறைந்துவிடும் என்று பயப்படுவார்கள். சுத்தமான பேஸ் கிடைக்கும், அவ்வளவுதான்.

கெய்ன். இது வால்யூம் குமிழ் அல்ல. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யமாக்குங்கள். ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்டீரியோவை முழு வால்யூமில் முக்கால் பங்குக்கு வையுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப் வெளியீட்டைப் பாருங்கள். பவரை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் வரும். 60 வாட், 4 ஓம் என்றால் 240-இன் வர்க்கமூலம், 15.5 வோல்ட். கெய்னை அந்த எண் வரும்வரை மெதுவாகத் திருப்பி நிறுத்திவிடுங்கள்.

பிறகு ட்வீட்டர் அளவு. பேசிவ் பெட்டியில் பெரும்பாலும் 0, -3 டெசிபல் என்று ஒரு சுவிட்சோ ஜம்பரோ இருக்கும். 0-வில் கடையில் கேட்கப் பளபளப்பாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் தலை வலிக்கும். ட்வீட்டர் காதுக்கு அருகில் இருக்கும் காரில் -3 தான் பெரும்பாலும் சரி. சோதிக்க நான் பயன்படுத்துவது பெண்குரலும் நாதஸ்வரமும். 'ச' எழுத்து சீறினாலோ, நாதஸ்வரம் உச்சஸ்தாயியில் காதைக் கீறினாலோ ட்வீட்டர் அதிகம். தம்புராவின் ரீங்காரம் குரலுக்குப் பின்னால் தொடர்ந்து கேட்காமல் போனால் குறைவு.

டைம் அலைன்மென்ட் இருந்தால் கடைசியில். ஓட்டுநர் சீட்டில் தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப்பால் அளங்கள். ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். உதாரணமாக இடது வூஃபர் 140, இடது ட்வீட்டர் 125, வலது வூஃபர் 85, வலது ட்வீட்டர் 80 சென்டிமீட்டர் என்றால், தூரமான இடது வூஃபருக்குத் தாமதம் 0. மற்றவற்றுக்கு 140-லிருந்து கழித்து 34-ஆல் வகுக்க வேண்டும்: 0.44, 1.62, 1.76 மில்லி நொடி. பிறகு காதால் நுணுக்கமாக நகர்த்தலாம். பின்சீட்டில் ஆள் வரும் நாளுக்கு, தாமதம் இல்லாத இன்னொரு செட்டிங்கையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈக்வலைசரைத் தொட வேண்டுமானால் கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது. எந்த அலைவரிசை துருத்துகிறதோ அதை 2, 3 டெசிபல் இறக்கினாலே மற்றவை தாமாகத் தெளிவாகும்.

## கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறவர்களுக்கு

ஒரே தடவையில் பணம் இல்லை என்றால் கதவு வேலையும் நல்ல சென்சிடிவிட்டி உள்ள காம்போனென்டும் முதலில் போதும். அதாவது இரண்டாம் வழி. ஆனால் உள்ளே எல்லாம் பிரித்திருக்கும் அன்றைக்கே, பின்னால் ஆம்ப் வைக்கப்போகும் இடம் வரை பவர் ஒயர், சிக்னல் ஒயர், ரிமோட் ஒயர் (ஸ்டீரியோவை ஆன் செய்ததும் ஆம்பை ஆன் செய்வது), இரண்டு ஜோடி ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றையும் இழுத்து முனைகளை மூடி வைத்துவிடச் சொல்லுங்கள். பவர் ஒயரைப் பேட்டரியில் இப்போது இணைக்க வேண்டாம். சில நூறு ரூபாய் கூலி கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆம்ப் வாங்கும்போது டாஷ்போர்டையும் கார்பெட்டையும் இரண்டாம் தடவை பிரிக்க வேண்டியிருக்காது. ஒருமுறை பிரித்த கிளிப் அடுத்த முறை அதே பிடியோடு உட்காருவதும் இல்லை.